தியோதோலிந்தா விட்டு வைத்த காடு

தியோதோலிந்தா சங்கமாவின் வாய் சும்மா இருக்காது. ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் இவள் பேசி முடித்திருப்பாள். முப்பது வயதில் கணவன் போய்ச் சேர்ந்தான். மரவள்ளியும் சோளமும் தானே நட்டு, தானே சுமந்து, யார் வாசலிலும் போய் நிற்காமல் நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள்.

ஊருக்கே ஆற்றுக்கு அக்கரையில்தான் பூர்மா. மூன்று வருஷம் விளைந்த கொல்லையைக் காட்டிடமே கொடுத்து எட்டு வருஷம் தூங்க விட்டால் அதற்குப் பூர்மா என்று பெயர். அவள் இனமான கிச்சுவா ஜனங்களுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. தூங்குகிற நிலத்தில் அடுத்தவன் அரிவாள் வைக்கமாட்டான்.

அவள் பூர்மாவுக்கு ஐந்து வயதாகும்போது, காப்புக்காடு அளக்கிறோம் என்று நகரத்து ஆட்கள் இரண்டு பேர் படகில் வந்து இறங்கினார்கள். ஊர்த்தலைவன் ரோலின் அவளுக்குக் கொழுந்தன்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"அக்கரையில நீங்கள்லாம் என்னம்மா பண்றீங்க?" என்றான் கண்ணாடி போட்டவன்.

"யாரும் ஒண்ணும் பண்ணல. விட்டாச்சு! அஞ்சு வருஷமா ஒரு குச்சி முறிச்சிருப்போமா, கேட்டுப் பாருங்க!"

பெருமையாகத்தான் சொன்னாள். மெச்சுவான் என்று நினைத்தாள், பாவி மகள். அவனும் சிரித்தபடியே எழுதிக்கொண்டு அவளிடம் கைரேகை வாங்கினான். போகிற போக்கில் வேர்க்கடலை அரைத்துவிட்ட கோழிச்சாறு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போனான்.

எட்டு வருஷம் நிறைந்ததும் அரிவாளோடு அக்கரைக்குப் போனாள். இரண்டு மரம் சாய்வதற்குள் வனக்காவலர்கள் வந்துவிட்டார்கள்.

"என் நிலம் தம்பி இது."

"கைவிட்ட நிலம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இதோ உங்க ரேகை."

"தூங்க விட்டேன்டா! புள்ளையத் தூளியில போட்டா, வேண்டாம்னு போட்டதாவா அர்த்தம்?"

காவலன் அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டான். அன்றோடு ஊரின் பதினோரு குடும்பத்துக்கும் அக்கரை இல்லை என்றாகிவிட்டது. ஊரில் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. ரோலின் மட்டும் ஒருநாள், மரவள்ளிக் கள் தந்த துணிச்சலில், "அண்ணி வாயால போச்சு அக்கரை" என்றான். வேறு நாளாயிருந்தால் அவனை உரித்திருப்பாள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனாள்.

இப்போது இக்கரையில் மிஞ்சிய துண்டு நிலத்தில் ஐந்தாவது வருஷமாகச் சோளம். கதிர் விரல் நீளம்கூட இல்லை.

"மண்ணு செத்துட்டு வருதும்மா. இதையாவது கொஞ்ச நாளு விட்டு..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"அந்த வார்த்தைய என் காதுல போடாத!" என்று சீறிவிட்டு, தியோதோலிந்தா அடுத்த குழியில் விதையைப் போட்டாள். அது விளையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.