முன்பக்க இடது டயர்

நேர்ப்பாதை வந்துவிட்டால் மெஹதாப்பின் கண் சாலையில் இருக்காது. திரையின் மூலைக்குப் போய்விடும். அங்கே நாலு டயருக்கும் நாலு எண்கள், தேய்ந்தது போக மீதி எவ்வளவு என்று. முன்பக்க இடது டயரின் எண்ணை மட்டும் வாய்விட்டுப் படிப்பாள். "அம்பத்திரெண்டு... அல்லா, இப்பத்தானே அம்பத்திநாலு இருந்துச்சு."

செவிலிமேட்டில் மாடி வீடு. கம்ப்யூட்டர் கார்ப்பந்தயத்துக்காகச் சாப்பாட்டு மேசை விளிம்பில் ஸ்டீயரிங், கீழே பெடல்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆறு மணி நேரப் பந்தயம் தொடங்கினால் கணவர் ஷாஹித் மிக்ஸியைத் தொடமாட்டார். தண்ணீர் மோட்டாரும் போடமாட்டார். ஃபியூஸ் போய்விடுமோ என்ற பயம் அவளிடமிருந்து அவருக்கும் தொற்றியிருந்தது. மற்ற நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று ஊராருக்குச் சொல்பவள், வளைவுக்கு வளைவு தானே மூச்சைப் பிடித்துக்கொள்வதை அறியமாட்டாள்.

கூட்டாளி சுகாசினி, வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில் ஆபீஸில் வேலை. ஒரே காரை இருவரும் முறை மாற்றி ஓட்டுவார்கள். ஓட்டாதவள் தன் வீட்டுக் கணினியில் பார்த்தபடி ஹெட்போனில் யோசனை சொல்வாள். சுகாசினி வேகக்காரி. மெஹதாப் கையில் டயர் தேயாமல் அதிக நேரம் உழைக்கும். "வெடுக்குன்னு திருப்பாத சுகா, டயருக்கு வலிக்குதும்மா" என்பாள்.

போன மாதம் அந்தக் கைராசி பொய்த்தது. டயர் மாற்றாமலே கடைசிவரை போய்விடலாம் என்றது மெஹதாப்தான். முடிய இரண்டு சுற்று இருக்கையில் முன்பக்க இடது டயர் வெடித்தது. "வுடுக்கா, கேம்தானே" என்றாள் சுகாசினி. திட்டியிருந்தால் தேவலை.

போன ஞாயிறு சீசனின் கடைசிப் பந்தயம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மேல்பிரிவு. மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தார்கள். முடிய நாற்பது நிமிடம், ஸ்டீயரிங் மெஹதாப் கையில். பெட்ரோலுக்கு நின்றே ஆக வேண்டும்.

"பெட்ரோல் மட்டும் போட்டுக்கினு வந்தா, பின்னால வர்றவன் பதினஞ்சு செகண்ட் தள்ளி இருப்பான்க்கா. நாலு டயரும் மாத்துனா இருபத்திநாலு செகண்ட் போயிடும். மாத்தாத."

"இடது முன்னாடி முப்பத்தெட்டுதான் இருக்குது. மறுபடி வெடிச்சா?"

மெஹதாப்பின் உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் பிசுபிசுத்தது. பெட்ரோல் போட உள்ளே திரும்பும் வழி கண்ணில் பட்டதும் சொன்னாள்: "இடது பக்கம் ரெண்டு மட்டும். பன்னெண்டு செகண்ட்."

"அப்ப வலது பக்கம்?"

"இந்த டிராக்ல ஒண்ணத் தவிர எல்லாம் வலப்பக்க வளைவு. பாரமெல்லாம் இடதுலதான் வுழுது. வலது தாங்கும்." தாங்குமா என்று அவளுக்கே தெரியாது.

மூன்று விநாடி முன்னால் வெளியே வந்தாள். பின்னால் வந்தவன் சுற்றுக்குச் சுற்று நெருங்கினான். அந்த ஒற்றை இடது வளைவில் மாற்றாத வலது டயர் வழுக்கி, காரின் பின்புறம் ஒருமுறை வெளியே வீசியது. எப்படியோ பிடித்து நிமிர்த்தினாள். முடிவுக்கோட்டில் இடைவெளி அரை விநாடிகூட இல்லை. மூன்றாமிடம்.

"அக்கா! வந்துட்டோம்க்கா!" சுகாசினி அலறினாள். "ரேஸ் முடிஞ்சிடுச்சு, ஸ்டீயரிங்க வுடு!"

மெஹதாப் விடவில்லை. இன்னும் ஒரு முழுச் சுற்று, ஓரத்து மேடுகளில் சக்கரம் உரசாமல் மெல்ல மெல்லத் திருப்பி, காரைக் கொண்டுவந்து அதன் இடத்தில் கோணாமல் நிறுத்தினாள்.