படிக்கட்டு உச்சியில் வைத்த பெட்டி

என் அக்கா வீட்டுக்காரரை இந்தக் கட்டடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்ப்பவர் என்பதால் 'எடைக்கல்' என்று பட்டப்பேர். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் எருமை மேல் மழை பெய்த மாதிரி நிற்பார். அவர் வாயிலிருந்து ஒரு காரணத்தை வரவழைப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருடமாகிறது. ராப்பகலாக ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். இங்கே தினமும் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கரண்ட் கிடையாது. அந்த மூன்று மணி நேரம் அவளுக்கு மூச்சு தருவது ஒரு பேட்டரிப் பெட்டி. வீட்டு வயரிங் அறுதப் பழசு. மெஷினோடு பெட்டியையும் சுவரில் சொருகினால் ஃபியூஸ் போய்விடும். அதனால் அத்தான் மொட்டை மாடியில் ஒரு சோலார் பேனல் வாங்கிப் போட்டார். தினமும் காலையில் பன்னிரண்டு கிலோ பெட்டியைத் தோளில் வைத்து மேலே ஏற்றுவார், இரண்டு மணிக்குள் இறக்கிவிடுவார். நடுவில் மூன்று தடவை ஓடி வந்து பேனலை வெயில் போகிற பக்கம் திருப்புவார். ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தாலும் மொத்த பேனலும் படுத்துவிடுமாம். அதற்காகத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

இத்தனை ஒழுங்கான மனுஷன் அந்தப் பெட்டியை வைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமே. மாடிக் கதவுக்கு உட்புறம், படிக்கட்டின் உச்சி. சீ, கருமம். நாலாவது மாடிக்காரி பிள்ளையின் டயப்பர்களைப் பையில் கட்டி அங்கேதான் சாத்துவாள், பை ஒழுகும். பூனை வந்து ஒன்றுக்குப் போகும். இரண்டாவது மாடியில் ஒரு ஆரோக்கியசாமி, அது நாங்கள் வைத்த பேர், உடம்புக்கு நல்லதென்று மூன்று வேளையும் படியேறி வந்து அந்த மூலையில் காறித் துப்பிவிட்டு இறங்குவார். சுவரில் அது வழிந்து, காய்ந்து, மேலே மறுபடி வழிந்து, எனக்கு எழுதும்போதே குமட்டுகிறது. அத்தான் அந்தச் சுவரோரமாய்ப் பெட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் போவார். ஒரு நாளாவது சண்டை போட்டாரா? மானம் கெட்ட பொறுமை என்று நான் அக்காவிடமே சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அவர் தூரத்துச் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. என்னை வரச் சொன்னார்.

"பேனல மட்டும் கோட்டுக்குக் கோடு தள்ளி வெச்சா போதும்மா. பெட்டி அங்கயே இருக்கட்டும். ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

"அந்த நாத்தத்துலயா அத்தான்?"

"அங்கயே இருக்கட்டும்."

ஏன் என்று சொன்னாரா? சொன்னால் முத்து உதிர்ந்துவிடும்.

பத்து மணிக்கு மேலே போனேன். டயப்பர்ப் பை கிழிந்து, பெட்டியின் அடிவரை ஈரம் வந்திருந்தது. பக்கத்திலேயே ஆரோக்கியசாமியின் புத்தம் புதுப் பிரசாதம். என் அக்கா சுவாசிக்கிற பொருள் இந்த அசிங்கத்திலா உட்கார வேண்டும் என்று வயிறு எரிந்தது. பெட்டியைத் தூக்கி, துடைத்து, வெளியே பேனலுக்குப் பக்கத்தில் சுத்தமான தரையில் வைத்தேன். வயரைச் சரியாகத்தான் மாட்டினேன். கோட்டுக்குக் கோடு பேனலையும் தள்ளினேன். பெட்டியில் எத்தனை சதவீதம் சார்ஜ் ஏறியிருக்கிறது என்று மட்டும் நான் குனிந்து பார்க்கவே இல்லை.

இரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அத்தான் வந்து நேராக மாடிக்கு ஏறினார். பின்னாலேயே போனேன். பெட்டியில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது. தொண்ணூறு காட்ட வேண்டிய இடத்தில் பதினெட்டு.

"சூடு ஏறிட்டா சார்ஜ் ஏத்திக்காதும்மா. இந்த மாடியில நாள் பூரா நிழல் இருக்கறது அந்த ஒரு மூலைதான்."

அவ்வளவுதான் சொன்னார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை. பதினெட்டு என்றால் அரை மணி நேரத்துக்குத்தான் வரும். அவசரத்துக்குச் சிலிண்டரும் கையில் இல்லை.

பெட்டியை அந்த மூலைக்கே கொண்டுபோய், தன் சட்டையைக் கழற்றி நனைத்து அதன்மேல் போட்டார். சூடு தணிந்தால் ஒரு பக்கம் சார்ஜ் ஏறிக்கொண்டே மறுபக்கம் மெஷினை ஓட்டும். ஆனால் பேனல் வயர் அந்த மூலைக்கு மேல் நீளாது. அதனால் அவர் கீழே போய் அக்காவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மெஷினை நான் இழுத்து வந்தேன். டயப்பர்ப் பைக்கும் எச்சில் சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மூக்கில் குழாயை மாட்டி மெஷினைப் போட்டபோது பெட்டியில் அதே பதினெட்டுதான் இருந்தது. அது பத்தாகி, ஏழாகி, ஆறாகி, மூவரும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறிலேயே நின்றது. அப்புறம் ஏழு.

மூன்று மணிக்கு ஆரோக்கியசாமி தொண்டையைக் காறிக்கொண்டே ஏறி வந்தார். நாற்காலியைப் பார்த்தார். வாய் நிறைய இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு இறங்கிப் போனார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அக்கா என்னையே பார்த்தாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"கையை எடுடி. எனக்கு மூச்சு வந்தா போதும். நாத்தமும் கூடவே வரட்டும்."

அத்தான் படியில் பனியனோடு உட்கார்ந்து, காய்ந்துபோன சட்டையை மறுபடி நனைத்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையை இறக்கினேன். ஐந்து மணிவரை அங்கேயே நின்றேன்.