படையலைக் கொத்தியது யார்?

அம்பிட்டியவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவன் திலீபன். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் த்ரீவீலர் ஓட்டுகிறான். குடிக்க மாட்டான், சத்தம் போட்டுப் பேச மாட்டான். ஒரேயொரு பைத்தியம், குருவி. கொய்யா மரத்தில் தட்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பப்பாசிப்பழம் வைப்பான். பிறகு ஜன்னல் சீலைக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நிற்பான். கொண்டைக்குருவி, மைனா, பச்சைக்கிளி எல்லாம் வரும், அழகழகாகப் படம் எடுப்பான். காகம் வந்தால் மட்டும் கைதட்டி விரட்டிவிடுவான். அது இருந்தால் வேறு எதுவும் கிட்ட வராதாம்.

அவனுடைய அப்பா கறுப்பையா, ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து காலமானவர். அவருடைய திதிக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். திலீபனின் அம்மா பாலம்மா அக்கா சோறு, பருப்பு, வடை, வாழைப்பழம் எல்லாம் இலையில் படைத்து மதில்மேல் வைத்தார். காகம் எடுத்த பிறகுதான் அவர் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படும். அன்றைக்கென்று ஒரு காகத்தையும் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அவருக்குச் சீனி வருத்தம் வேறு, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வந்துவிடும்.

"வெரட்டி வெரட்டி விட்டீங்கல்ல, இப்ப நீங்களே கூப்பிடுங்க," என்றாள் திலீபனின் மனைவி நிரோஷா.

"நான் வெரட்டுனது காக்காயத்தான். அப்பாவையா வெரட்டுனேன்?"

"இன்னைக்கு ரெண்டும் ஒன்னுதானே?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. பிள்ளையாரப்பா, யாரையாவது அனுப்பு என்று கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கறுப்பாக ஒன்று வந்து மதிலில் உட்கார்ந்தது. பழத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது. திலீபன் கை பழக்கத்தில் படம் எடுத்துவிட்டது.

"வந்துட்டாரு!" பாலம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

திலீபன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. சொல்வதா விடுவதா என்று எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மா, கொஞ்சம் இருங்க. இது காக்கா இல்ல, குயிலு."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"குயிலா?"

"காக்கா கூட்டுலதானே அத்தை அதும் வளருது. சாப்பிடுங்க," என்றாள் நிரோஷா.

"வளந்தா காக்கா ஆயிருமா? சோத்தத் தொடவே இல்லியே... எங்க, காட்டுடா."

போனை வாங்கிப் பார்த்தார். பறவையின் கண் இரத்தச் சிவப்பாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலமானா உங்கப்பா கண்ணும் இப்பிடித்தான்டா இருக்கும். சோத்தயும் தொட மாட்டாரு."

சிரித்தாரா அழுதாரா, எனக்கு விளங்கவில்லை. நெற்றித் திருநீற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு முதல் வாய்ச் சோற்றை எடுத்து வைத்தார்.

திலீபன் இன்னும் நின்றுகொண்டேயிருந்தான். "அப்ப இனி காக்கா வந்தா வெரட்டவா, வேணாமா?"

"குயிலுக்கும் சேத்துக் கேளுங்க," என்றாள் நிரோஷா.

வாய் நிறையச் சோற்றோடு பாலம்மா அக்கா வடைச் சட்டியையும் கொய்யா மரத்துத் தட்டையும் மாறி மாறிக் கைகாட்டினார்.