வாலில்லாத பட்டம்

ஓட்டிலி கிராமர் தச்சரானதற்குக் காரணம் ஒரு நாற்காலி என்று ஜெர்மனியில் அவள் பிறந்த ஊரான அப்போல்டாவில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வதுண்டு. சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் தேவாலயத்துக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டறை நாற்காலி ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டாள். அதன் கால்களில் திராட்சைக் குலைகள் செதுக்கியிருந்தன. நாற்காலி நிற்பதற்கும் அந்தக் குலைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அன்றைக்குக் கண்டுகொண்டாள். தபால் நிலைய எழுத்தரான அப்பா கொடுத்த அடி நாளடைவில் மறந்துபோயிற்று. கண்டுகொண்டது மறக்கவில்லை.

அதனால், முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில், பக்கத்து ஊரான வைமாரில் பௌஹவுஸ் என்ற கலை, கைத்தொழில் பள்ளியில் சேர்ந்தபோது அவளுக்கு வேற்றிடத்துக்கு வந்ததுபோலவே இல்லை. அங்கே முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட பெண்களும் காலணி இல்லாத பையன்களும் சாப்பாட்டுக்கூடத்தில் பூண்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, எது தேவை, எது வெறும் அலங்காரம் என்று மணிக்கணக்கில் சண்டை போட்டார்கள். ஓட்டிலி அதிகம் பேசமாட்டாள். ஆனால் அலங்காரம் என்று தீர்ப்பு எழுதுவதில் அவளைவிடக் கறாரானவர் கிடையாது. தன் கோட்டில் தேவைக்கு மேல் இருந்த பொத்தான்களைக்கூட அறுத்து எறிந்திருந்தாள்.

முதல் பருவம் முடிந்தால் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பட்டறைக்குப் போகவேண்டும். அவள் கேட்டது தச்சுப் பட்டறை. அங்கே காலியாக இருந்தது ஒரே ஒரு வேலைமேசை. அதையே வென்செல் டாப்பர்ட்டும் கேட்டிருந்தான். நெட்டையான, கலகலப்பான பையன். அவன் மாமா தச்சர். அவளைப் பார்க்கும்போதெல்லாம், பெண்களை வழக்கமாக அனுப்பும் நெசவுப் பட்டறையில் தறிகள் அவளுக்காக ஏங்கிக்கொண்டிருப்பதாகச் சொல்லுவான்.

தச்சுப் பட்டறையின் மாஸ்டர் டிரோஸ இருவரையும் கூப்பிட்டார். பட்டத் திருநாள் வருகிறது, வேறு பரீட்சை எதற்கு என்றார். இலையுதிர் காலத்தில் பள்ளி முழுவதும் பட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வழியே குன்றுக்குப் போவது அங்கே வழக்கம். கடைக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு பட்டம் செய்ங்க. ஒட்டுறதும் கட்டுறதும் உங்க கையாலயே இருக்கணும். யாருது கடைசி வரைக்கும் மேல நிக்குதோ, அவங்க திங்கக்கிழமை ஏப்ரன் கட்டிக்கிட்டு வாங்க" என்றார் டிரோஸ.

ஓட்டிலி வெள்ளைத் தாளில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கழிகள் வைத்து, நாலு மூலைப் பட்டம் ஒன்று செய்தாள். நிறம் இல்லை, குஞ்சம் இல்லை, வாலும் இல்லை. வால் என்பது பட்டத்துக்குத் தொங்கவிட்ட திராட்சைக் குலை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பிள்ளையும் இந்தத் தப்பைச் செய்திருக்காது.

திருநாளுக்கு முந்தைய நாள் காலையில், பூங்காவை ஒட்டிய புல்வெளியில் விட்டுப் பார்த்தாள். கூட அவள் அறைத்தோழி மெக்டில்ட் வந்திருந்தாள். நெசவுப் பட்டறைக்காரி, விரல்களில் எப்போதும் சாயம். பட்டம் ஒரு வீட்டுயரம் ஏறியது, பம்பரம்போல் சுற்றியது, தலைகுப்புற வந்து தரையில் குத்தியது. மறுபடி விட்டாள். மறுபடி குத்தியது. வேலியோரம் நின்றிருந்த வென்செல், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு இறந்தவர்களுக்குச் செய்வதுபோல் தலை குனிந்தான்.

"ஏண்டி இந்த வீம்பு? எங்கிட்ட மிச்ச நூல் ஒரு கூடை கிடக்கு. ஒரு வாலைக் கட்டித் தொலையேன்" என்றாள் மெக்டில்ட்.

"வால் வேண்டாம்."

"சரி, அப்ப தறியில உக்கார வா. பக்கத்துல இடம் போட்டு வைக்கிறேன்."

மெக்டில்ட் அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் ஓட்டிலிக்குச் சுருக்கென்று தைத்தது. தறியில் அவளுக்கு வெறுப்பு இல்லை. ஆனால் அன்று கழற்றிய நாற்காலியைத் திரும்பப் பூட்ட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் குறை இன்னும் அவள் கைகளில் இருந்தது. இந்த மேசை போனால் இன்னொன்று எப்போது காலியாகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

கடைசி முறை விழுந்தபோது குறுக்குக் கழி நடுவில் விரிசல் விட்டது. பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். ஆற்றுப் பாலத்தில் எதிர்காற்று பலமாக அடித்தது. வரும்போது அதே இடத்தில் கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்த பட்டம், இப்போது சாதுவாக நின்றது. ஓட்டிலி நின்றாள். விரிசல் விட்ட கழி காற்றின் அழுத்தத்தில் பின்பக்கமாக மடங்கியிருந்தது. இரண்டு சிறகும் படகின் அடிப்பாகம்போல் பின்னே சாய்ந்திருக்க, காற்று இருபுறமும் சமமாக வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால், அந்தப் பக்கத்துக் காற்றே அதைத் தூக்கிச் சரிசெய்தது.

வால் சும்மா தொங்குவதில்லை, அதற்கு ஒரு வேலை உண்டு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதே வேலையை வளைந்த கழியும் செய்யும் என்பதும் கூடவே புரிந்தது.

மெக்டில்ட் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஓட்டிலி பள்ளியை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

முறியாமல் வளைக்கவேண்டும் என்றால் கழியை ஆவியில் காட்டவேண்டும். பட்டறையில் அவளுக்கு இன்னும் இடமில்லை. பள்ளியில் நாள் முழுக்க ஆவி பறப்பது ஒரே இடத்தில்தான். சாப்பாட்டுக்கூடத்துச் சமையல்காரி முதலில் கரண்டியை ஓங்கினாள். பிறகு, கஞ்சியில் சிலாம்பு விழுந்தால் ஓட்டிலியே தின்னவேண்டும் என்ற நிபந்தனையோடு அண்டாவின் ஓரத்தை விட்டுக்கொடுத்தாள். முதல் கழி முறிந்தது. அடுத்தது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. மூன்றாவது கழி, அவள் முழங்காலில் வைத்து மெல்ல மெல்ல அழுத்த அழுத்த, வில்லாக வளைந்து வந்தது. இரு முனைகளையும் நூலால் இழுத்துக் கட்டினாள். கை கொப்பளித்திருந்தது. வாயெல்லாம் சிரிப்பு.

மறுநாள் குன்றில் நல்ல காற்று. மீன்கள், நட்சத்திரங்கள், கண்ணாடித்தாள் ஒட்டிய கோபுரங்கள் என்று வானம் கொள்ளாமல் பட்டங்கள். பாதி அழகானவை ஏறவே இல்லை. அவற்றைச் செய்தவர்கள் அதற்கும் ஒரு தத்துவம் சொன்னார்கள். வென்செலின் சிவப்பு முக்கோணம் அருமையாக ஏறியது. அதன் வால் நீண்டு நெளிய, ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அதன் பக்கத்தில் ஓட்டிலியின் வெள்ளைப் பட்டம் அசையாமல் நின்றது, வானத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தாற்போல்.

"ஏம்மா ஓட்டிலி, ஆணி அடிச்சு மாட்டிட்டியா?" என்று கத்தினான் வென்செல்.

மதியத்துக்கு மேல் காற்று முறுகியது, திசையும் மாறியது. மீனின் வால் நட்சத்திரத்தின் வாலோடு பின்னியது, அது கோபுரத்தை இழுத்தது. வென்செல் தன் முக்கோணத்தைக் காப்பாற்ற ஓடினான், நூலை விட்டான், இழுத்தான். நன்றாகத்தான் ஆடினான். ஆனால் அந்த நீண்ட சிவப்பு வால் மொத்தச் சிக்கலையும் தேடிப் போய் அணைத்துக்கொண்டது. எல்லாம் ஒரு மூட்டையாக, கூச்சலுக்கு நடுவே, பேரி மரங்களின் மேல் வந்து விழுந்தன.

வெள்ளைப் பட்டத்தில் சிக்குவதற்கு ஒன்றும் இல்லை. வீசிய காற்றுக்கு இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுத்து, இன்னும் மேலே ஏறியது. குன்றின்மேல் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் எழுந்த சத்தம் சந்தைத் திடல் வரை கேட்டதாக ரொட்டிக்கடைக்காரர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத ஓட்டிலி நூலைப் பிடித்தபடியே தொண்டை கிழியக் கத்தினாள். வென்செல் மரத்திலிருந்து இறங்கி, தலையில் இலையோடு வந்து, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

பட்டம் இறங்கியதும் டிரோஸ அதைத் திருப்பிப் பார்த்தார். குறுக்குக் கழியின் வளைவில் விரலை ஓட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"பூண்டு வாசனை அடிக்குது."

"கஞ்சி அண்டாவுல வளைச்சேன், மாஸ்டர்."

அவர் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். "பட்டறையில ஆவிப்பெட்டி இருக்கு. திங்கக்கிழமை காட்டுறேன்."

அந்தக் கழி பிற்பாடு எர்ஃபுர்ட் நகரில் அவள் சொந்தமாக வைத்த பட்டறையின் வாசலுக்கு மேல் இருந்தது. அங்கிருந்து போன நாற்காலிகளின் முதுகுகள் எல்லாம் அதே வளைவுதான்.

திங்கட்கிழமை கிடைத்த ஏப்ரன் ஒரு நெட்டை ஆளுக்குத் தைத்தது; கணுக்கால் வரை தொங்கியது. ஓட்டிலி கத்தரிக்கோலை எடுத்து முழங்காலளவில் வெட்டிவிட்டு, மெக்டில்ட்டிடம் நீட்டி, ஓரம் அடித்துத் தரச் சொன்னாள்.

"ஓரமா? அது அலங்காரம் இல்லையாடி?" என்றாள் மெக்டில்ட், ஊசியில் நூல் கோத்தபடி.

"இல்ல. நூல் பிரியாம பிடிச்சு வைக்குது" என்றாள் ஓட்டிலி. "சீக்கிரம் தை. மேசை காத்துக்கிட்டிருக்கு."