புளி போட்டு வெளக்குன துப்பாக்கி

துப்பாக்கி ரிப்பேரும் ஒரு வைத்தியம் தாங்க. இன்னா ஒண்ணு, இங்க வைத்தியம் தப்பாப் போனா நோயாளிக்கு ஒண்ணும் ஆவாது, கூட்டியாந்தவன் தான் போய்ச் சேருவான். உங்கள்ல யாராச்சும் ரிப்பேர் கடை வெச்சிக்கினு இருந்தா தெரியும்: 'நல்லா கீது'ன்னா நாம கெட்டிக்காரன், 'ஆவாது'ன்னா களவாணி.

தட்டிப் பாத்தது

கள்ளக்குறிச்சியில என் கடைக்கு ஒருநாள் கோவிந்தசாமி அண்ணன் பொண்டாட்டியோட வந்தாரு. கல்வராயன் மலையடியில மரவள்ளி போட்டுக்கினு இருந்தவரு. காட்டுப்பன்னி எறங்கி கெழங்கெல்லாம் தோண்டுதுன்னு, அவங்கப்பா வெச்சிருந்த ரெட்டக்கொழா துப்பாக்கிய எடுத்தாந்தாரு. கூடவே ஒரு டப்பா புதுத் தோட்டா.

டமாஸ்கஸ் கொழா அது. இரும்பையும் உருக்கையும் பட்டையா முறுக்கி, சுத்தி, அடிச்சி ஒட்டுனது. அந்தக் காலத்துக் கரிமருந்துக்குன்னே பொறந்தது, இப்பத்தி தோட்டா அதுக்கு ஜாஸ்தி. கொழாவக் கழட்டி, கயித்துல தொங்கவுட்டு, மரக்கட்டையால தட்டிக் காத வெச்சேன். விரிசல் இருந்தா டொக்குன்னும். இது ணங்குன்னுச்சி. அண்ணன் சிரிச்சாரு: "இன்னாபா, தேங்கா வாங்கறவனாட்டம் தட்டிக்கினு கீற? ஒடச்சி தண்ணி குடிக்கப் போறியா?"

பளபளப்பு

சத்தம் சுத்தம். ஆனா கொழா வெள்ளியாட்டம் மின்னுது. அந்த வயசுல அப்படி மின்னக் கூடாதே! வெரல வெச்சித் தடவுனா, முறுக்குன பட்டையோட வரியெல்லாம் மேடும் பள்ளமுமா நெருடுது. அளவு பாக்கற இடுக்கிய எடுத்தேன். அடியில தடிமன் கீது. ஒரு சாண் தள்ளி, எடது கை புடிக்கற எடத்துல, தகரமாட்டம் தேஞ்சி கெடக்குது.

"யாருங்க இத்த தேச்சது?"ன்னேன். அவரு பொண்டாட்டி, அந்த அக்காவுக்கு மொகமெல்லாம் பூரிப்பு. கல்யாணமாயி வந்ததுலருந்து வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குப் புளியும் செங்கத்தூளும் போட்டுத் தேச்சிருக்காங்க. "எங்க வூட்டுக் குத்துவெளக்கு கூட இம்மாம் பளபளப்பு கெடையாதுங்க. எல்லாம் என் கைதான்!"

மூணாவது தோட்டா

'புளியும் செங்கத்தூளும் இரும்பத் துன்னுட்ச்சி, இது ஆவாது'ன்னேன். அண்ணனுக்குக் கோவம். "எங்கப்பா சுட்டாரு, நான் சுடக்கூடாதா? உனுக்கு விக்கறதுக்கு வேற துப்பாக்கி கீதா?"ன்னாரு. எனக்கும் ரோசம் வந்துட்ச்சி. "உன் கையில வேணாம்ண்ணா, டயர்ல கட்டிச் சுடலாம். கொழா வெடிக்கலன்னா நான் கடைய மூடிடறேன்"னுட்டேன்.

அவரு கொல்லையிலயே பட்டப்பகல்ல லாரி டயர்ல துப்பாக்கியக் கட்டி, விசையில நீளக் கயிறு போட்டு, மண்மேட்டுக்குப் பின்னால படுத்துக்கினோம். மொதத் தோட்டா, ஒண்ணும் ஆவல. ரெண்டாவது, ஒண்ணும் ஆவல. என் கடைப் பலகைய யாருக்கு விக்கலாம்னு யோசிச்சிக்கினு கெடந்தேன். அண்ணன் துள்ளி எழுந்து, "வுடு, நான் தோள்ல வெச்சே சுடறேன்"னாரு. வேட்டியப் புடிச்சி இழுத்துப் படுக்க வெச்சேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு, எனுக்காக."

மூணாவதுக்கு மலையே திரும்பிக் கத்துச்சி. போய்ப் பாத்தா, சரியா அந்தச் சாண் எடத்துல கொழா வாழப்பூவாட்டம் விரிஞ்சி கெடக்குது. அக்கா வாயப் பொத்திக்கினாங்க. அண்ணன் எடது கைய மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிப் பாத்துக்கினு இருந்தாரு. அப்பறமாச் சொன்னாரு: "பன்னி துன்னுட்டுப் போவட்டும்பா. கை இருந்தா மறுபடி நட்டுக்கலாம்."

ஊருல என்னைய 'ஆவாது'ன்றதத் தவுர ஒண்ணும் தெரியாதவன்னு தான் சொல்றாங்க, ஆனா நான் ஆவாதுன்னதக் கேட்டவங்க அத்தினி பேரும் இன்னிக்கும் என்னப் பாத்தா ரெண்டு கையையும் சேத்து தாங்க கும்புடறாங்க.