நிற்காத மோதிரம்

என் கொழுந்தன் மோதிரம் செய்கிறவர். உள்ளே வெள்ளிப் பட்டை, அதன் மேல் பித்தளை வளையம். கட்டைவிரலால் தள்ளினால் வளையம் மட்டும் சுற்றும். கடைசல் பட்டறையில் இருபது வருடம் நின்றவர், அது மூடியதும் வீட்டின் பின்னறையில் இதை ஆரம்பித்தார். செய்த ஒவ்வொன்றையும் இடது ஆள்காட்டி விரலில் ஒரு நாள் போட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்புவார். மயிரிழை இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். அவருக்கு அதுதான் அளவுகோல், அதுதான் பிழைப்பு.

அன்றும் ஒன்றைப் போட்டபடியே வேறொரு பட்டையைத் தட்டியிருக்கிறார். சுத்தியல் அதே விரலின் மூட்டில் விழுந்திருக்கிறது. நான் போனபோது மூட்டு வீங்கி, மோதிரம் அதன் அடியில் மாட்டிக்கொண்டு, விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நகத்தை அழுத்திப் பிடித்து, பிறகு விட்டேன். வெளுத்தது வெளுத்தபடியே நின்றது, ரத்தம் திரும்பவில்லை.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு தம்பி?"

"இப்பதான் அண்ணி."

"காலைல இருந்து அக்கா," என்றாள் அவர் மனைவி.

சோப்பு போட்டோம். வழுக்கியது, மூட்டைத் தாண்டவில்லை. விரலில் நூலைச் சுற்றி மோதிரத்தை உருட்டிக் கழற்றப் பார்த்தேன். நூல் பட்டைக்கும் வளையத்துக்கும் நடுவில் சிக்கி அறுந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். விரல் அதுவரை தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோலில் படாமலிருக்க மோதிரத்துக்கு அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, அவருடைய சின்ன ரம்பத்தை வைத்து இழுத்தேன். வளையமும் கூடவே ஓடியது. மறுபடி இழுத்தேன், மறுபடி ஓடியது. பித்தளையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"நல்லாத்தான் சுத்துது," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பெருமையை அப்புறம் பேசலாம். இதை எப்படி நிறுத்துறது, அதைச் சொல்லு."

மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடமும் ஓட வைப்பதைப் பற்றியே யோசித்த மனுஷன்.

மனைவி போய், உடைந்த கோப்பை ஒட்டும் பசையை எடுத்து வந்தாள்.

"பசை விட்டா மோதிரம் செத்துச்சுடி."

"விரல் செத்தா பரவாயில்லையா? கையை நீட்டுங்க."

இடைவெளியில் ஒரு சொட்டு விட்டு ஊதினாள். அறுபது எண்ணினோம். கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது.

இந்த முறை ரம்பம் பிடித்தது. பித்தளை அறுந்தது, பிறகு வெள்ளி. தகடு கிரீச்சிட்டதும் நிறுத்தினேன். ஆளுக்கொரு குறடு பிடித்து மோதிரத்தை விரித்தோம்.

விரலைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியல அண்ணி. கட்டை மாதிரி இருக்கு."

கண்ணை மூடச் சொல்லி, நுனியில் ஊசியால் தொட்டேன். அசையவில்லை. கையை உயர்த்திப் பிடித்து உட்காரவைத்தோம். ஊதா மெல்ல வெளிறியது. மறுபடி தொட்டேன். அப்போதும் உணர்வு இல்லை. நான்காவது தடவை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என்னை ஏதோ திட்டினார்.

"மிச்சத்தை ஆஸ்பத்திரி போற வழியில திட்டு," என்றேன். "சட்டையை மாத்து."