வயதான ஆட்டக்காரரை வைத்துக்கொள்வதா?

இன்று இங்கே வளைகுடாவில், ரோலா போகும் பஸ்ஸில் என் கேள்வியைக் கேட்டு முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“கான்ட்ராக்ட் முடிஞ்ச பிளேயரு வேற டீமுக்குப் போக, நமக்கு மாதிரி விசா குடுத்த கஃபீல் என்ஓசி தரணுமாம்மா?”

அமெரிக்க பாஸ்கெட்பால் பைத்தியமான என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அவர் ஃப்ரீ ஏஜென்ட் வாப்பா. எங்க வேணாலும் போலாம். எங்க டீமுக்குத்தான் பிரச்சினை. சேலரி கேப் இருக்கு, அதுக்கு மேல சம்பளம் குடுக்க முடியாது. அந்த ஓல்டு பிளேயர விட்டா ரெண்டு யங் பிளேயர எடுக்கலாம்.”

அடுத்த மாதம் என் கான்ட்ராக்டும் முடிகிறது. புதுப்பிப்பது பற்றி மேனேஜர் இன்னும் வாய் திறக்கவில்லை. வீட்டில் நானும் திறக்கவில்லை.

“நீங்க மேனேஜரா இருந்தா?”

“ரெண்டு பேர எடுப்பேன்.”

“கரெக்ட்” என்றாள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அந்த ஆளுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் நான் கேட்கவில்லை.